மீட்டமைக்கப்பட்ட மகிழுந்தும் மூலத்தன்மைச் சிக்கலும்: 'ஓல்டு நம்பர் ஒன்' பென்ட்லி விற்பனை வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழைய பிரித்தானியப் பந்தய மகிழுந்து ஒன்று மீட்டமைக்கப்பட்டு விற்பனைக்கு வரும்போது, வாங்குபவர் அதன் உலோகத்துக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. அவ்வண்டி இன்ன பந்தயத்தில் ஓடிய இன்ன வண்டிதான் என்னும் வரலாற்றுக் கூற்றுக்கே பெரும்பகுதி விலை கொடுக்கிறார். அக்கூற்றை எவ்வகைச் சான்றுகளால் நிறுவ முடியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி வண்டியும், அதன் விற்பனை தொடர்பாக 1990-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் ஆய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. பொருள் தொடர்ச்சி, பதிவுத் தொடர்ச்சி, பயன்பாட்டுத் தொடர்ச்சி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. விற்பனை விவரணங்கள் இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து தருகின்றன. வரலாற்றாய்வாளர் அவற்றைப் பிரித்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மூலத்தன்மை, மீட்டமைப்பு, பென்ட்லி, லெ மான், உடைமை வரலாறு, பொருள்சார் பண்பாடு

முன்னுரை

தொல்பொருள், ஓவியம், சுவடி ஆகியவற்றின் மூலத்தன்மை குறித்து விரிவான ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. இயந்திரங்களின் மூலத்தன்மை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஓவியம் வரைந்து முடித்ததும் நிறைவு பெறுகிறது. அதன்மேல் பிற்காலத்தில் தீட்டப்படும் ஒவ்வொரு தீட்டும் இடையீடாகவே கருதப்படும். இயந்திரமோ இயங்குவதற்காகச் செய்யப்பட்டது. இயங்கும் பொருள் தேயும். தேய்ந்த உறுப்பு மாற்றப்படும். ஆகவே உறுப்பு மாற்றம் இயந்திர வாழ்வின் இயல்பான கூறாகிறது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் விட்ட பிழையைத் திருத்தி மூலபாடத்தை அணுக முயலும் பதிப்பாசிரியரின் முறை, இயந்திரத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை.

பழைய மகிழுந்துகளைக் குறிக்கும் சொற்களிலும் தெளிவு தேவைப்படுகிறது. 'விண்டேஜ்' என்னும் சொல் பொதுவழக்கில் பழைய வண்டி எதையும் குறிக்கிறது. பிரித்தானியாவில் 1934-இல் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் இச்சொல்லை 1930-ஆம் ஆண்டின் இறுதிக்குள் செய்யப்பட்ட வண்டிகளுக்கே உரியதாக வரையறுத்தது. 1919 முதல் 1930 வரையிலான காலமே அவ்வழக்கில் விண்டேஜ் காலம். பென்ட்லி மோட்டார்ஸ் நிறுவனம் தனித்தியங்கிய காலமும் ஏறத்தாழ இதுவேயாகும். வால்டர் ஓவன் பென்ட்லி 1919-இல் நிறுவிய அந்நிறுவனம் 1931-இல் நொடித்து ரோல்ஸ்-ராய்ஸ் வசமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் லண்டனின் கிரிக்கிள்வுட் பகுதியில் இருந்த அதன் தொழிற்கூடத்திலிருந்து ஏறத்தாழ 3,000 வண்டிகளே வெளிவந்தன. 1924, 1927, 1928, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தில் அவ்வண்டிகள் வென்றன. எண்ணிக்கைக் குறைவும் வெற்றிச் சிறப்பும் சேர்ந்து பென்ட்லி வண்டிகளைச் சேகரிப்போர் சந்தையின் உச்சத்தில் நிறுத்தின.

அடிச்சட்டமும் மேற்கூடும்

ஒரு பென்ட்லி வண்டி 'மூல வடிவில்' உள்ளது என்று சொல்லும்போது எழும் முதல் இடர்ப்பாடு அதன் உற்பத்தி முறையிலேயே இருக்கிறது. அக்காலத்துப் பென்ட்லி நிறுவனம் முழு வண்டியை விற்கவில்லை. சேஸி எனப்படும் அடிச்சட்டம், அதில் பொருத்தப்பட்ட எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், சக்கரங்கள் ஆகியவற்றையே அது செய்து விற்றது. வாங்கியவர் அதனை வேண்டன் பிளாஸ், எச். ஜே. முல்லினர், ஃப்ரீஸ்டோன் அண்டு வெப் போன்ற கூடு கட்டும் நிறுவனங்களுள் ஒன்றுக்கு அனுப்பித் தம் விருப்பப்படி மேற்கூடு கட்டிக்கொண்டார். அடிச்சட்டத்துக்கும் அதைச் சார்ந்த உறுப்புகளுக்கும் பென்ட்லி ஐந்தாண்டு உத்தரவாதம் அளித்தது.

இதனால் ஒரே வண்டியில் குறைந்தது இரண்டு ஆக்கியோர் இருந்தனர். உரிமையாளர் மாறியபோது நான்கு பேர் அமரும் மூடிய கூடு கழற்றப்பட்டு, திறந்த பயணக்கூடு பொருத்தப்பட்டதும் உண்டு. அடிச்சட்டமும் மேற்கூடும் பிரிக்கத்தக்கவையாக வடிவமைக்கப்பட்டிருந்தமையால், அம்மாற்றத்தை அக்காலத்தவர் சிதைவாகக் கருதவில்லை. அரசுப் பதிவும் நிறுவனப் பதிவும் அடிச்சட்ட எண்ணையே வண்டியின் அடையாளமாகக் கொண்டன.

பந்தய வண்டிகளின் நிலை இன்னும் சிக்கலானது. பந்தயப் பிரிவின் பட்டறையில் ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையே எஞ்சின் மாற்றப்படும், அச்சு மாற்றப்படும், தேவையெனில் அடிச்சட்டமே மாற்றப்படும். அடுத்த பந்தயத்தில் வெல்வதே பட்டறையின் நோக்கம். 60 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு நீதிமன்றம் எந்த உறுப்பு எந்த ஆண்டுக்குரியது என்று கேட்கும் என அப்பட்டறையில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

'ஓல்டு நம்பர் ஒன்': 1929 முதல் 1932 வரை

6,597 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் வந்த ஆறரை லிட்டர் வகையின் ஆற்றல் மிகுந்த வடிவமே 'ஸ்பீடு சிக்ஸ்'. அது 1928-இல் அறிமுகமாயிற்று. நிறுவனத்தின் பந்தய அணிக்காக அவ்வகையில் செய்யப்பட்ட வண்டிகளுள் ஒன்று எம்.டி. 3464 என்னும் பதிவெண்ணைப் பெற்றது. எம்.டி. என்பது மிடில்செக்ஸ் மாவட்டத்துக்குரிய எழுத்து. இவ்வண்டியே பின்னர் 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் பெயர் பெற்றது.

1929 ஜூன் மாதம் லெ மான் பந்தயத்தில் வுல்ஃப் பார்னாட்டோவும் டிம் பர்கினும் இவ்வண்டியை ஓட்டி முதலிடம் பெற்றனர். அவ்வாண்டு முதல் நான்கு இடங்களையும் பென்ட்லி வண்டிகளே பிடித்தன. 1930-இல் பார்னாட்டோ, கிளென் கிட்ஸ்டனுடன் இணைந்து மீண்டும் வென்றார். 1926 முதல் நிறுவனத்தின் தலைவராகவும் முதன்மை நிதியாளராகவும் விளங்கிய பார்னாட்டோ, லெ மானில் கலந்துகொண்ட மூன்று முறையும் வெற்றி பெற்றவர். 1930 வெற்றிக்குப் பின் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது; அடுத்த ஆண்டு நொடித்தது. ஆயினும் இவ்வண்டி தொடர்ந்து ஓடியது. 1931-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நடைபெற்ற 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் இதனை ஓட்டி வென்றனர்.

1932 செப்டம்பர் 24 அன்று அதே பந்தயத்துக்கு இவ்வண்டி வந்தபோது அதில் எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அதன் அடிச்சட்டமும் 1931-இல் வெளிவந்த நான்கு லிட்டர் வகைக்குரியதாக இருந்தது. ஜாக் டன்ஃபீயின் தம்பி கிளைவ் டன்ஃபீ ஓட்டிக்கொண்டிருந்தபோது வண்டி சாய்தளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தது. அவர் அங்கேயே உயிரிழந்தார். பின்னர் அவ்வண்டி சீர்செய்யப்பட்டு, பந்தயத்துக்கு அல்லாமல் சாலைப் பயணத்துக்குரிய வண்டியாக மாற்றப்பட்டது.

இவ்வரலாற்றில் 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பெயர் ஒரே வண்டியைக் குறிப்பதாகவே எல்லோரும் வழங்கினர். ஆனால் 1929-இல் வென்ற உலோகமும் 1932-இல் விபத்துக்குள்ளான உலோகமும் பெரும்பாலும் வேறுவேறு. பெயர் நிலைத்து நிற்க, பொருள் மாறிக்கொண்டே வந்தது.

1990-ஆம் ஆண்டு வழக்கு

1980-களின் இறுதியில் பழைய மகிழுந்துகளின் விலை வேகமாக உயர்ந்தது. அச்சூழலில் இவ்வண்டியை 1 கோடி பவுண்டுக்கு வாங்க மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் நிறுவனம் உடன்பட்டது. ஒரு மகிழுந்துக்கு அதற்குமுன் கேள்விப்பட்டிராத அளவு பெருந்தொகை அது. பின்னர் அந்நிறுவனம், தமக்கு விற்கப்படுவது 'ஓல்டு நம்பர் ஒன்' அன்று என்னும் வாதத்தை முன்வைத்து வாங்க மறுத்தது. விற்பனையாளர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதி ஆட்டன் 1990 ஜூலை 27 அன்று தீர்ப்பு வழங்கினார்.

நீதிமன்றத்தின் முன் இருந்த வினா எளிதாகத் தோன்றும்: விற்பனைக்கு வந்த வண்டி, ஒப்பந்தம் சொன்ன வண்டிதானா? விற்கப்படும் பொருள் அதன் விவரணத்தோடு பொருந்த வேண்டும் என்பது ஆங்கிலப் பொருள் விற்பனைச் சட்டத்தின் அடிப்படை நெறி. 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதனை ஒப்பந்தத்தின் உள்ளார்ந்த நிபந்தனையாக்குகிறது. ஆனால் இங்கு விவரணம் என்பது நிறமோ அளவோ கொள்ளளவோ அன்று. அது ஒரு பெயரும் அப்பெயரோடு ஒட்டிய புகழும் ஆகும்.

வல்லுநர் சான்றுகளைக் கேட்ட நீதிபதி, பொருள்சார் உண்மையை மூன்று அடுக்குகளாகப் பிரித்தறிந்தார். 1929-இல் லெ மானில் வென்ற வண்டியைப் பொறுத்தவரை, காலத்தை உறுதிசெய்ய முடியாத சில சிறு பொருத்துறுப்புகளைத் தவிர எதுவும் எஞ்சவில்லை. 1930-இல் வென்ற வண்டியிலிருந்து மிதித்தண்டு, கியர் பெட்டியின் உறை, ஸ்டீயரிங் தண்டு ஆகியவை மட்டும் எஞ்சின. 1932-இல் விபத்தைச் சந்தித்த வண்டியைப் பொறுத்தவரை, அடிச்சட்டமும் எஞ்சினும் தொடர்ந்து நிலைத்தன. மேற்கூடு மட்டும் சாலைப் பயணத்துக்குரியதாக மாறியிருந்தது.

இவ்வாறு கண்டறிந்த பின்னர், 'மூலவண்டி', 'ஏறத்தாழ மூலவண்டி' என்னும் சொற்கள் இவ்வண்டிக்குப் பொருந்தா என்று நீதிபதி கருதினார். அதே வேளையில் 'நகல்', 'மறுகட்டமைப்பு' முதலிய சொற்களையும் அவர் ஏற்கவில்லை. சிதறிப்போன உறுப்புகளை ஒன்றுசேர்த்து உருவாக்கப்பட்ட வண்டியே மறுகட்டமைப்பு எனத் தகும். இவ்வண்டி ஒருபோதும் சிதறவில்லை; மறையவில்லை; பந்தயத்திலோ பட்டறையிலோ சாலையிலோ அது எப்போதும் இருந்தது. மேலும் 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பெயருக்கு முறையாக உரிமை கோரத்தக்க வேறொரு பென்ட்லி இல்லை. ஆகவே தொடர்ந்த வரலாற்றின் அடிப்படையில் இதுவே மெய்யான 'ஓல்டு நம்பர் ஒன்' என அவர் முடிவு செய்தார். தீர்ப்பு விற்பனையாளருக்குச் சாதகமாக அமைந்தது.

தீர்ப்பின் தர்க்கமும் அதன் எல்லையும்

இத்தீர்ப்பு 'மூலமானது', 'மெய்யானது' என்னும் இரண்டு கருத்துகளைப் பிரித்தமை குறிப்பிடத்தக்கது. மூலத்தன்மை உலோகத்தின் பண்பு. மெய்த்தன்மை வரலாற்றின் பண்பு. முதலாவதை இழந்த பொருள் இரண்டாவதைத் தக்கவைத்துக்கொள்ள இயலும். பந்தயப் பட்டறையின் நடைமுறையை நோக்க இப்பிரிப்பு பொருத்தமானதே. உறுப்பு மாற்றத்தையே வாழ்முறையாகக் கொண்ட வண்டியிடம் மாறாத உறுப்புகளைக் கேட்பது, அக்காலத்துக்கு உரியதல்லாத அளவுகோலை அதன்மேல் சுமத்துவதாகும்.

ஆயினும் தீர்ப்பின் தர்க்கத்தில் வரலாற்றாய்வாளர் கவனிக்க வேண்டிய எல்லைகள் இரண்டு உள்ளன.

முதலாவது, போட்டி உரிமையாளர் இல்லை என்னும் எதிர்மறை வாதம். தீசியஸின் கப்பல் குறித்துப் புளூட்டார்க் எழுப்பிய பழைய புதிர் இங்கு நினைவுக்கு வரும். பழுதுற்ற பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்பது அப்புதிர். 1655-இல் வெளிவந்த தம் நூலில் தாமஸ் ஹாப்ஸ் அதனை மேலும் கூர்மையாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் மீண்டும் பொருத்தினால், இரண்டு கப்பல்களுள் எது தீசியஸின் கப்பல்? பழைய மகிழுந்து உலகில் இவ்வினா வெறும் கற்பனையன்று. கைவிடப்பட்ட அடிச்சட்டம் ஒருவரிடமும் எண் பொறித்த எஞ்சின் இன்னொருவரிடமும் சென்றடைந்து, ஒரே எண்ணை இரண்டு வண்டிகள் உரிமை கோரும் பூசல்கள் சேகரிப்போரிடையே நன்கறியப்பட்டவை. 1929-இன் அடிச்சட்டத்தோடு வேறொரு வண்டி முன்வந்திருந்தால், 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒரு தூண் ஆட்டம் கண்டிருக்கும். போட்டியாளர் இன்மை உரிமையை வலுப்படுத்துமேயன்றி அடையாளத்தைத் தானாக நிறுவாது.

இரண்டாவது, நீதிமன்றம் விடையளித்தது ஓர் ஒப்பந்த வினாவுக்கு. இப்பெயரால் விற்ற வண்டி இதுதானா என்பதே அவ்வினா. 1929-இல் லெ மானில் ஓடிய பொருளில் எவ்வளவு நம் முன் இருக்கிறது என்னும் வரலாற்று வினாவுக்கும் அதே தீர்ப்பில் விடை உண்டு. அது ஏறத்தாழ எதுவுமில்லை என்பதே. தீர்ப்பின் முடிவை மட்டும் மேற்கோளாகக் காட்டும் விவரணம், அதே தீர்ப்பு நிறுவிய பொருள்சார் உண்மையை மறைத்துவிடக்கூடும்.

விவரணச் சொற்களின் பொருள் வரம்பு மீண்டும் வழக்குக்கு வந்தது. '1930 பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ்' என்னும் விவரணத்தோடு கைமாறிய வேறொரு வண்டியின் எஞ்சின் அப்பெயருக்குரியதா என்னும் பூசலில், 2010-இல் கீழ் நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2012-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. ஒரு மாதிரிப் பெயரின் இரண்டு சொற்கள் எதை உறுதியளிக்கின்றன என்பதே இரண்டு நீதிமன்றங்கள் ஆராய வேண்டிய சிக்கலாயிற்று.

பதிவேடும் அடையாளமும்

நீதிமன்றம் வரலாற்றுத் தொடர்ச்சியை அளவுகோலாகக் கொண்டது. அரசின் வண்டிப் பதிவுத்துறையோ வேறொரு அளவுகோலை வைத்திருந்தது. பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவுசெய்யப் பிரித்தானியாவில் நெடுங்காலம் ஒரு புள்ளி முறை வழங்கிவந்தது. அதன்படி மாற்றப்படாத அடிச்சட்டத்துக்கு 5 புள்ளிகள்; சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2 புள்ளிகள்; எஞ்சினுக்கு 1 புள்ளி. மொத்தமுள்ள 14 புள்ளிகளில் குறைந்தது 8 பெற வேண்டும். அவற்றுள் அடிச்சட்டத்தின் 5 புள்ளிகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். அவ்வாறு பெறாத வண்டி, காலம் உறுதியற்றது என்பதைக் காட்டும் 'கியூ' எழுத்துப் பதிவெண்ணைப் பெறும் நிலைக்குத் தள்ளப்படலாம்.

இவ்விரு அளவுகோல்களும் வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவானவை. ஆயினும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். புள்ளி முறையில் அடிச்சட்டம் மாறினால் அடையாளம் போகும். நீதிமன்ற முறையில் அடிச்சட்டம் மாறினும் வரலாறு அறுபடாவிடில் அடையாளம் நிற்கும். சேகரிப்போர் சந்தையோ எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் நிறுவனப் பதிவேட்டோடு ஒத்துப்போவதைப் பெரிதும் மதிக்கிறது. புள்ளி முறையில் மிகக் குறைந்த மதிப்புப் பெறும் எஞ்சின் இங்கு விலையை ஏற்றுகிறது. 'அதே வண்டி' என்னும் தொடர் பேசுபவரைப் பொறுத்து மூன்று வெவ்வேறு பொருள்களைத் தருகிறது.

பதிவேடுகளும் முழுமையானவை அல்ல. 1920-ஆம் ஆண்டுச் சாலைகள் சட்டத்தின்படி ஒவ்வொரு வண்டிக்கும் உரிமையாளர் பெயர்களைப் பதியும் பதிவுப் புத்தகம் வழங்கும் முறை 1921 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட மன்றங்கள் வைத்திருந்த பேரேடுகள், 1970-களில் பதிவுப் பணி ஸ்வான்சீ நகரில் மையப்படுத்தப்பட்டபோது பல இடங்களில் அழிக்கப்பட்டன. சில மட்டும் ஆவணக் காப்பகங்களைச் சென்றடைந்தன. ஆதலால் ஒரு வண்டியின் உடைமை வரலாற்றை எழுதுபவர், நிறுவனத்தின் அடிச்சட்டப் பதிவுகள், எஞ்சிய பதிவுப் புத்தகங்கள், பந்தய நிகழ்வுக் குறிப்புகள், காலம் குறித்த ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கியே இடைவெளிகளை நிரப்ப வேண்டியுள்ளது. அவ்விடைவெளி எவ்வளவு என்பதை வெளிப்படையாகச் சொல்லும் விவரணமே நம்பகமானது.

எந்தக் காலத்துக்கு மீட்பது?

மீட்டமைப்பு என்னும் சொல் ஒரு காலப் புள்ளியை முன்னிறுத்துகிறது. எந்த ஆண்டின் நிலைக்கு வண்டியை மீட்பது என்பது தொழில்நுட்ப வினாவாகத் தோன்றினும், உண்மையில் அது வரலாற்றுத் தேர்வு. ஒன்றை மீட்கும்போது அதன்பின் வந்த அடுக்குகள் அகற்றப்படுகின்றன.

டிம் பர்கினின் சூப்பர்சார்ஜர் பொருத்திய நாலரை லிட்டர் பென்ட்லி இதற்குத் தக்க சான்று. 1929-இல் பந்தயத்தில் இறங்கிய அவ்வண்டி, தீப்பற்றிய பின்னர் ஒருவர் மட்டும் அமரும் ஓடுதள வண்டியாக மாற்றப்பட்டது. 1932 மார்ச் 24 அன்று புரூக்லண்ட்ஸின் வெளிச்சுற்றில் மணிக்கு 137.96 மைல், அதாவது ஏறத்தாழ 222 கி.மீ. வேகத்தை எட்டிச் சாதனை படைத்தது. 1933-இல் பர்கின் மறைந்தபின் வேறு உரிமையாளரிடம் சென்று இருவர் அமரும் சாலை வண்டியாயிற்று. பிற்காலத்தில் மீண்டும் ஓடுதள வடிவம் பெற்றது. புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸின் சேகரிப்பில் இருந்த அவ்வண்டி, அவர் மறைவுக்குப் பின் 2012 ஜூன் மாதம் குட்வுட்டில் நடைபெற்ற ஏலத்தில் 50,42,000 பவுண்டுக்கு விற்பனையாயிற்று. வாங்கியவர் விலை கொடுத்தது 1932-இன் வடிவத்துக்கு. சாலை வண்டியாக அது வாழ்ந்த காலமும் அவ்வண்டியின் வரலாறேயாயினும், விலைமிக்க ஒரு தருணத்தை மீட்டபோது அக்காலம் பொருள் வடிவில் மறைந்தது.

இச்சிக்கலை உணர்ந்தே பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் துரின் சாசனத்தை உருவாக்கியது. வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் இதற்கு முன்மாதிரி. பேணுதல், பாதுகாத்தல், மீட்டமைத்தல் ஆகியவற்றைத் தனித்தனிப் பணிகளாகத் துரின் சாசனம் வேறுபடுத்துகிறது. காலப்போக்கில் ஏற்பட்ட மாற்றங்களும் வண்டியின் வரலாற்றுச் சான்றுகளே என்பதையும், புதிதாகச் சேர்க்கப்பட்ட உறுப்புகள் அடையாளம் காணத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதையும், செய்த பணிகள் அனைத்தும் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்பதையும் அது வலியுறுத்துகிறது. பளபளக்கும் புதுவண்ணத்தைக் காட்டிலும் பழுதுபார்த்த தச்சரின் உளித்தழும்பும் தேய்ந்த மிதியும் வரலாற்றாய்வாளருக்குக் கூடுதல் செய்தி தரும் என்பதே இந்நெறிகளின் உட்கருத்து எனலாம்.

அண்மைக்கால நிகழ்வொன்று இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. பென்ட்லி நிறுவனம் தன்னிடமுள்ள 1929-ஆம் ஆண்டு சூப்பர்சார்ஜர் வண்டியை முழுவதும் பிரித்து, உறுப்புகளை லேசர் கருவியால் அளந்து, அதே அமைப்பில் 12 புதிய வண்டிகளைச் செய்யப்போவதாக 2019-இல் அறிவித்துச் செயல்படுத்தியது. பல்லாண்டு மாற்றங்களைக் கண்ட பழைய வண்டிகள் பலவற்றைக் காட்டிலும் இப்புதிய வண்டிகள் 1929-இன் வடிவத்தை நெருங்கியவை. ஆயினும் அவற்றுள் எதையும் 1929-இன் வண்டி என்று யாரும் சொல்வதில்லை. வடிவ ஒற்றுமை அடையாளத்தைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆட்டனின் தீர்ப்பு வடிவத்தைவிடத் தொடர்ச்சியை முதன்மைப்படுத்தியமை இங்கு வலுப்பெறுகிறது.

விற்பனை விவரணத்தைச் சான்றாக வாசித்தல்

மேற்கண்ட செய்திகளைத் தொகுத்து நோக்க, மீட்டமைக்கப்பட்ட மகிழுந்தின் அடையாளம் மூன்று இழைகளால் முறுக்கப்பட்ட கயிறு என்பது விளங்கும்.

பொருள் தொடர்ச்சி என்பது, எந்த உறுப்பு எந்தக் காலத்துக்குரியது என்பதைப் பற்றியது. எண் பொறிப்புகள், உலோக ஆய்வு, பட்டறைக் குறிப்புகள் ஆகியவை இதற்குச் சான்றாகும். பதிவுத் தொடர்ச்சி என்பது, அடிச்சட்ட எண்ணும் பதிவெண்ணும் இடையறாது ஒரே வண்டியைச் சுட்டினவா என்பதைப் பற்றியது. அரசுப் பேரேடுகளும் நிறுவனப் பதிவேடுகளும் இதற்குச் சான்றாகும். பயன்பாட்டுத் தொடர்ச்சி என்பது, அவ்வண்டி ஒரே வண்டியாகக் கருதப்பட்டு ஓட்டப்பட்டு வந்ததா என்பதைப் பற்றியது. பந்தயக் குறிப்புகளும் ஒளிப்படங்களும் நேரில் கண்டோர் கூற்றுகளும் இதற்குச் சான்றாகும்.

'ஓல்டு நம்பர் ஒன்' வண்டியில் மூன்றாம் இழை மிக வலிமையானது. முதல் இழை 1932-க்கு முன் மிக மெலிந்தது. இருப்பினும் 'இரண்டு முறை லெ மானில் வென்ற வண்டி' என்னும் ஒரே தொடர், மூன்று இழைகளும் சமவலிமை உடையவை என்னும் எண்ணத்தைப் படிப்பவரிடம் எழுப்புகிறது. அத்தொடர் பொய்யன்று, ஆனால் அது எந்த இழையைப் பற்றிப் பேசுகிறது என்பதைச் சொல்வதில்லை. 'முழுமையாக மீட்டமைக்கப்பட்டது', 'எண்கள் ஒத்தவை', 'மூல வடிவில் உள்ளது' முதலிய தொடர்களும் இத்தகையனவே. முதலாவது பழைய பொருள் குறைந்ததை உணர்த்தலாம். இரண்டாவது பதிவை மட்டும் சுட்டும். மூன்றாவது வடிவத்தை மட்டும் சுட்டும்.

ஆகவே ஏலப் பட்டியலையும் விற்பனை விவரணத்தையும் வரலாற்றுச் சான்றாகக் கையாளும் ஆய்வாளர், ஒவ்வொரு கூற்றும் எந்த இழையைச் சார்ந்தது எனப் பகுத்து, அதற்குரிய சான்று காட்டப்பட்டுள்ளதா எனக் காண்பது இன்றியமையாதது. விற்பவருக்கு உரிய ஆர்வம் அவ்வாவணத்தின் ஒவ்வொரு வரியிலும் செயல்படுகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று. அதே வேளையில் இவ்விவரணங்களை ஒதுக்கிவிடவும் இயலாது. அழிந்துபோன பேரேடுகளின் செய்திகள் சில இன்று இவ்வாவணங்களிலேயே எஞ்சியுள்ளன.

முடிவுரை

1929-இல் லெ மானில் வென்ற உலோகம் இன்று ஏறத்தாழ இல்லை. ஆயினும் 'ஓல்டு நம்பர் ஒன்' இருக்கிறது. இவ்விரு கூற்றுகளும் ஒருசேர உண்மையாதல், அடையாளம் ஒற்றைத் தன்மையுடையதன்று என்பதால் நேர்கிறது. பந்தயப் பட்டறையில் வாழ்ந்த இயந்திரத்துக்கு உறுப்பு மாற்றமே இயல்பு எனக் கொண்டு, தொடர்ந்த வரலாற்றை மெய்த்தன்மையின் அடிப்படையாக ஏற்ற 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தன் எல்லைக்குள் பொருத்தமானது. ஆனால் அது ஒப்பந்தத்துக்குரிய விடை. வரலாற்றுக்குரிய விடை, எது எஞ்சியது, எது மாறியது, எப்போது மாறியது என்னும் பட்டியலாகவே அமைய முடியும்.

இப்பட்டியல் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் என்னும் அச்சம் சந்தையில் உண்டு. அதற்கு மாறாக, ஒவ்வொரு மாற்றமும் ஒரு நிகழ்வின் தடமாகும். நான்கு லிட்டர் அடிச்சட்டமும் எட்டு லிட்டர் எஞ்சினும் இல்லையேல், நொடித்துப்போன ஒரு நிறுவனத்தின் வண்டியை மேலும் வேகமாக ஓட்ட முயன்றவர்களின் கதையும், 1932 செப்டம்பரில் சாய்தளத்தின் மேல்விளிம்பில் முடிந்த ஓர் இளைஞரின் வாழ்வும் அவ்வண்டியிலிருந்து மறைந்துபோகும். லெ மான் வெற்றியை மட்டும் விற்கும் விவரணம் இவற்றுக்கு இடம் தருவதில்லை. அவற்றை அவ்வண்டியின் வரலாற்றுக்குள் மீண்டும் சேர்ப்பது ஆய்வாளரின் பணியாகும்.